சும்மா கிடக்கிற எடை

கோதைநாயகியின் உயிர் முப்பத்தெட்டு கிலோவுக்குப் போனது.

அடிமாட்டு விலை என்று சொல்ல முடியாது. அந்தக் கோடையில் கரூரில் இதைவிடக் கம்மியாகப் போனவர்கள் இருந்தார்கள். பசுபதிபாளையத்தில் ஒரு மாமனாரைப் பதினான்கு கிலோ ஐஸ் பெட்டிக்குத் தள்ளிவிட்டார்கள்; அதே பெட்டியில் குளிர்ந்த மோரைக் குடித்துக்கொண்டே அவர் மலையேறினார். ஆனால் அவர் பள்ளிக்கூட வாத்தியார், பேரம் தெரியாதவர். கோதைநாயகி மாட்டுத் தரகரின் மகள். படுக்கை விரிப்பு ஏற்றுமதியில் முப்பது வருஷம் ஊறியவள். மூன்று கண்டத்து வியாபாரிகளோடு மல்லுக்கட்டி, ஒவ்வொருவனையும் தான்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏற வைத்தவள். அப்படிப்பட்டவளை ஒருவர் விற்றுவிட்டார் என்றால், விற்றவர் அசலாராக இருக்க முடியாது. பேரத்தை அவளிடமே படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் வெயில் நாற்பத்தெட்டைத் தொடுகிற காலம் அது. சித்திரையிலிருந்து மூன்று மாதம் கீழே இருப்பது கஷ்டம். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஆபத்து. வசதி இருந்தவர்கள் வீட்டு வண்டியில் மலையேறினார்கள். பழைய வேனையோ ஆம்புலன்ஸையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. தமிழ்நாட்டு பஸ்களுக்கெல்லாம் கூண்டு கட்டிப் பழகிய கரூர்ப் பட்டறைகள் இப்போது இந்த வேலையில் இறங்கிவிட்டன. முதலில் ஆளாளுக்கு இஷ்டப்படி கட்டினார்கள். கேஸ் சிலிண்டரைத் தலைமாட்டில் வைத்தவர் உண்டு. அவசர வழியைப் பூஜை அலமாரியால் அடைத்து, சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டவர் உண்டு. சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வண்டிகள் உருண்டன.

அதற்கப்புறம்தான் சான்றிதழ் வந்தது; சான்றிதழோடு சம்பந்தியும் வந்தது.

சம்பந்தி என்பது ஆய்வு இயந்திரத்துக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். நாலு சக்கரத்தில் நிற்கும், ஆளுயரம் இருக்கும், நீளமாக ஒரு கை. பட்டறைக்கு வந்தால் மூன்று நாள் தங்கும். தட்டிப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், எதைக் காட்டினாலும் ஒரு குறை சொல்லும். வண்டியை அளந்து, அதில் போகிறவர்களின் உடம்பையும் அளந்துகொண்டு, தன் கணக்குக்குள்ளேயே அந்த வண்டியை மலையிலிருந்து பத்தாயிரம் தடவை உருட்டும். இதற்கு நிழல் ஓட்டம் என்று பெயர். எந்த உருட்டலில் யார் பிழைத்தார், யார் போனார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அரசாங்கம் அதற்குச் சுத்தமான எழுத்துத் தமிழ்தான் சொல்லிக்கொடுத்தது. இரண்டு வருஷம் கரூர்ப் பட்டறைகளில் கிடந்ததில் அதுவும் 'ங்க' போட ஆரம்பித்துவிட்டது.

கோதைநாயகியின் வண்டியைக் கட்டியது அவளுடைய தம்பி நந்தகோபால். வண்டியில் மூன்றே இடம். முன்னால் ஓட்டுகிறவர் இருக்கை, அது கணவர் பூபதிக்கு. பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டில், எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் மிருதுளாவுக்கு. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், கரை சேர ஆவணியாகும். இடது பக்கச் சுவரை ஒட்டி பெல்ட் வைத்த படுக்கை கோதைநாயகிக்கு. பக்கவாட்டில் வண்டி சாய்ந்தால் நசுங்காமல் இருக்க அந்தச் சுவருக்குள் ஒரு தடித்த இரும்புக் குழாய் வைத்திருந்தார்கள். தை மாதம் கூண்டு எழும்பும்போதே அதைத் தட்டிப் பார்த்து, 'டங்' என்ற சத்தத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டிருந்தாள். பானை வாங்கினாலும் பத்திரம் வாங்கினாலும் தட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

மாசிக் கடைசியில் ஒருநாள் பட்டறைக்கு வரச் சொன்னான் தம்பி.

"அக்கா, கூலி இன்னம் பேசலையே."

"அக்கா ஊட்டு வண்டிக்குக் கூலி கேக்கற தம்பிய இன்னைக்குத்தான்டா பாக்கறேன்."

"அக்கா ஊடுன்னா தகரக்கடைக்காரன் சும்மாவா குடுக்கறான்?"

"குடுக்க மாட்டான். அதுக்குத்தான் பொறந்தவன்னு ஒருத்தன பெத்துப் போட்டிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து இரும்பு அறுக்கும் மிஷின் அலற ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற சம்பந்தி எதையோ வாசித்துக்கொண்டிருந்தது; அதன் சத்தமும் அந்த அலறலில் கரைந்துபோனது. நந்தகோபால் காதைப் பொத்திக்காட்டிச் சிரித்தான். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு நீட்டினான்.

அப்பாவின் வழி அது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையைக் கோத்து விரலால் பேசுவார்கள். விரலைப் பிடித்தால் எண், அழுத்தினால் ஏற்றம், நழுவ விட்டால் ஒத்துவரவில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து இறுக்கிப் பிடித்தால் பேரம் முடிந்தது. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் கமர்கட்டுக்குக்கூடத் துண்டு போட்டுத்தான் பேசுவார்கள்.

கோதைநாயகிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கையை உள்ளே விட்டாள். அவன் ஐந்து விரல் கொடுத்தான்; அவள் இரண்டைத் தள்ளினாள். அவன் ஒன்று ஏற்றினான். அவள் நழுவ விட்டாள். அவன் இறங்கி வந்தான். மூன்று லட்சத்தில் முடிந்தது. இறுக்கிப் பிடித்தபோது அவன் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில், வெல்டிங் பொறிக்கு நடுவே, ஐஸ் கட்டியைப் பிடித்தது போல. பேரத்தில் தோற்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தம்பியை அமுக்கிவிட்ட பெருமை.

நாலாம் நாள் சான்றிதழ் வந்தது.

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது மலைவாசல். சித்திரை பிறப்பதற்கு முந்தின நாள் பொழுது சாய்வதோடு கதவு அடைத்துவிடும். பிறகு ஆடியில்தான் திறப்பு. அந்தக் கடைசி நாள் மத்தியானம் இவர்கள் வண்டி வரிசையில் நின்றது. முன்னால் இருபது வண்டி, பின்னால் பார்வைக்கு எட்டுகிற வரை வண்டி. எடைமேடையும் அதன் பக்கத்தில் ஒரு சம்பந்தியும். அதற்கப்பால் தகரக் கொட்டகையில், மேலே போக முடியாதவர்கள் கரூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னும் அரைமணி நேரம்" என்றார் பூபதி. "சித்த படுத்துக்க புள்ள."

கோதைநாயகி படுக்கையில் சாய்ந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை சுவரைத் தட்டியது.

டொம்.

இன்னும் கொஞ்சம் கீழே தட்டினாள். டொம். தலைமாட்டில், கால்மாட்டில். அடுக்களைத் தகர டப்பாவைத் தட்டினால் வருகிற சத்தம்தான் எங்கும் வந்தது.

பின்கட்டிலில் மிருதுளா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பூபதி முன்னால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பிடரி வேர்த்திருந்தது. உள்ளே குளிர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கோதைநாயகி செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நேராகச் சம்பந்தியிடம் போனாள். வண்டியில் போகிற யார் கேட்டாலும் அது பதில் சொல்லியாக வேண்டும், விதி அப்படி. பட்டறைச் சம்பந்தி பார்த்ததெல்லாம் இதற்கும் தெரியும்.

"இடது சுவத்துக்குள்ள ஒரு பைப்பு இருந்துதே, எங்க?"

"கழட்டியாச்சுங்க" என்றது சம்பந்தி. "முப்பத்தெட்டு கிலோங்க. அந்தப் படுக்கையில் போறவங்க ஒப்புக்கிட்டதால அனுமதி குடுத்தமுங்க."

"அந்தப் படுக்கையில போறது நானு."

"ஒப்புக்கிட்டதும் நீங்கதானுங்க."

"நானா? கையெழுத்தக் காட்டு."

"கையெழுத்து இல்லீங்க. உள்ளங்கைங்க. ஈரமான ஒட்டுப்பட்டை ஒண்ணு இருக்குதுங்க, அதை அழுத்துனீங்க. மாசி இருபத்தெட்டு, நந்தகோபால் பட்டறை. ரேகையும் ரத்த ஓட்டமும் ஒத்துப்போச்சுங்க."

ஜில்லென்று இருந்த உள்ளங்கை. கோதைநாயகி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அதில் இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

"என்ன ஏதுன்னு எனக்குச் சொல்ல வேண்டாமா?"

"விளக்கம் முழுக்க வாசிச்சமுங்க."

"எப்ப?"

"நீங்க துண்டுக்குள்ள கை வெச்சிருந்தப்பதானுங்க."

"அறுப்பு மிஷின் கத்திட்டு இருந்துதே! ஒரு எழுத்து காதுல உழுகலையே."

"வாசிக்கணும்னு விதி இருக்குதுங்க. காதுல உழுந்துதான்னு பாக்கற விதி இல்லீங்க."

சட்டம் எழுதியவன் ஒரு நாளும் பட்டறைக்குள் கால் வைத்திருக்க மாட்டான் என்று கோதைநாயகிக்குத் தோன்றியது. அல்லது தினமும் வைத்திருப்பான்.

"பைப்பு இல்லீன்னா என்ன ஆகும்?"

"பைப்போட உருட்டுனப்ப, பத்தாயிரத்துல பதினோரு தடவை தவறிப் போனீங்க. பைப்பு இல்லாம எண்ணூத்தி நாப்பதுங்க."

"எண்ணூத்தி நாப்பது தடவை நான் செத்தத நின்னு எண்ணுனயா?"

"எண்ணறதுதானுங்க எங்க வேலை."

வரிசை நகர்ந்தது. பூபதி வண்டியை ஒரு வண்டி நீளம் முன்னால் எடுத்து நிறுத்தினார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"சரி. எதுக்குக் கழட்டுனாங்க?"

"வண்டிக்கு எடை வரம்பு இருக்குதுங்க. வலது அலமாரிக்குள்ள பேட்டரி வெச்சதும் முப்பத்தெட்டு கிலோ எச்சா ஆயிப்போச்சுங்க. வேற எங்கயாவது எடுக்கோணும். மூணு வழி சொன்னமுங்க. பின்கட்டில் தடுப்பு, ஓட்டுறவர் பக்கத் தடுப்பு, இடது படுக்கைத் தடுப்பு."

"பேட்டரியே வேண்டாம்னு நாலாவதா ஒரு வழி இருக்குமே?"

"அதுதானுங்க மொத வழி. அதை யாரும் காதுல வாங்கலீங்க."

வண்டிக்குத் திரும்பி, ஓட்டுகிறவர் கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, அந்த வலது அலமாரியில என்னமோ ஆஸ்பத்திரிச் சாமான்னீங்களே?"

பூபதி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"பேட்டரி புள்ள. மேல கரண்டுக்கு அடிச்சுக்கறாங்க. ராத்திரி வாடகைக்கு உட்டா மூணு மாசத்துல வண்டிக் கடனே முடிஞ்சுரும். நந்துவும் நானும் பாதிப் பாதி."

"என்னோட பைப்பு?"

"அட, கேளு. நீதான எப்பவும் சொல்லுவே, வண்டியில சும்மா கெடக்கற எடையே இருக்கக் கூடாதுன்னு? ஏத்துனா சம்பாதிக்கோணும், இல்லீன்னா எறக்கிப் போடுன்னு? அந்தப் பைப்பு சும்மாதான கெடக்குது. வண்டி உருண்டாத்தான அதுக்கு வேலை. நாம எதுக்கு உருளப் போறோம்?"

அது அவள் வாக்கியம்தான். ஏற்றுமதி லாரியில் ஒரு அட்டைப்பெட்டி இடம் காலியாகப் போனாலும் அந்த வாக்கியத்தால் அடிப்பாள். கல்யாணமான புதிதில் ரசீது போடக்கூடத் தெரியாத மனுஷனுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது.

"மூணு வழி சொல்லுச்சாமே. உங்க பக்கத்துத் தடுப்பக் கழட்டியிருக்கலாமே?"

"ஓட்டறவனுக்கு ஒண்ணு ஆயிட்டா அப்பறம் எல்லாருமே போயிருவோம் அல்ல?"

நியாயம் மாதிரியே இருந்தது. நல்ல வியாபாரியின் பொய் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான், காத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"என்னக்கா, மலவாசல் தாண்டியாச்சா?"

"நந்து, அப்பா துண்டுக்குள்ள யாரையாவது ஏமாத்திப் பாத்திருக்கயா?"

மறுமுனையில் அறுப்பு மிஷினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா... மாமன் உங்கிட்டச் சொல்லிக்கறேன்னாரு. சத்தியமா. நான் பட்டையத்தான் ஒட்டுனேன்."

"வெளிய எத்தனை புளுகுனாலும் துண்டுக்குள்ள புளுகாதவரு நம்ம அப்பன். தெரியுமில்ல?"

"தெரியுங்க்கா."

"கூலி மூணுன்னு முடிச்சமே. அதாவது நெசமா?"

"அது நெசந்தாங்க்கா. அதுக்கு மேல ஒத்தப் பைசா வேண்டாம்."

அவள் போனை வைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், சிரிப்புதான் வந்தது. விற்றதும் விற்றான், கூலியையும் விடவில்லை.

இன்னும் ஆறு வண்டி. கோதைநாயகி மறுபடியும் சம்பந்தியிடம் போனாள்.

"என் ஒப்புதல நான் வாபஸ் வாங்குனா?"

"வாங்கலாமுங்க. வண்டி தேறாதுங்க. திரும்பிப் போய்ப் பைப்பு வெச்சு வரோணும்."

"கதவு?"

"ஆடியில தொறப்பமுங்க."

கண்ணாடி வழியே பார்த்தாள். மகளின் வயிறு போர்வைக்கு மேலே மேடாகத் தெரிந்தது. போன கோடையில் கரூர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று கர்ப்பிணிகளை வரிசையாகக் கொண்டுவந்து போட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கீழே திரும்புவது பேச்சே இல்லை.

"எடம் மாத்திக்கலாமா? நான் ஓட்டறேன், எங்க ஊட்டுக்காரரு படுக்கையில வரட்டும்."

"உங்களுக்கு லைசென்சு இருக்குதுங்க. அவரு ஒப்புக்கிட்டா செய்யலாமுங்க. இந்தப் பட்டையில உள்ளங்கைய வெக்கோணும்." நீளக் கையின் நுனியில் ஈரமான ஒரு பட்டையை நீட்டியது.

அவள் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டாள். ஜில்லென்றது. வண்டிக்கு வந்து, பூபதியின் தோளிலிருந்த துண்டை உருவித் தன் கையின் மேல் போட்டாள்.

"ஏனுங்க, கையக் குடுங்க."

"என்ன புள்ள, நடுரோட்டுல?"

"இருபது வருசமா நூல் லோடு ஓட்டுன கைங்க இது. மலையில உங்களவிட நல்லா ஓட்டுவேன். நீங்க அந்தப் படுக்கையில வாங்க. நாமதான் உருளப் போறதில்லையே. கையக் குடுங்க."

பூபதி சுற்றிலும் பார்த்தார். பின் வண்டிக்காரன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் துண்டுக்குள் விட்டார். அவர் விரல்கள் பட்டையின் ஓரத்தைத் தொட்டன. ஒட்டவில்லை.

அவள் காத்திருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து படுத்து எழுந்த கை; காய்ச்சலில் அவள் நெற்றியைத் தடவியிருக்கிறது. மூடிக்கொள்ள ஒரு நொடி போதும்.

கை மூடவில்லை. நகர்ந்தது. அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து லேசாக அழுத்தியது. பிறகு நடுவிரலையும் சேர்த்து. கோதைநாயகிக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மனுஷன் விலை சொல்கிறார். பேட்டரி வாடகையில் பத்துக்கு இரண்டு பங்கு. அவள் அசையாமல் நிற்கவும், மோதிர விரலையும் பிடித்தார். மூன்று பங்கு. முகத்தில் வேர்வையோடு, பேரம் படிந்துவிடும் என்கிற நம்பிக்கையோடு, புருசன் அவளைப் பார்த்தார்.

அவள் கையை நழுவ விட்டாள்.

துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டுவிட்டு, மூன்றாவது தடவையாகச் சம்பந்தியிடம் போனாள்.

"வண்டி யாரு பேர்ல இருக்குது?"

"உங்க பேர்லதானுங்க. பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா வரி கம்மின்னு வெச்சிருக்குதுங்க."

"அந்த ரோசனை சொன்னதும் அவருதான்" என்றாள் கோதைநாயகி. "யாரு வர்றது, யாரு எறங்கறதுன்னு நான் சொல்லலாமா?"

"பதிவுக்காரர் சொன்னா செல்லுமுங்க."

"நான் ஓட்டறேன். எடது படுக்கை காலி. பின்கட்டில்ல எம் பொண்ணு. இப்புடி உருட்டிப் பாரு."

சம்பந்தி நீளக் கையை ஒருமுறை மடக்கி நீட்டியது. அந்த நேரத்துக்குள் அவர்கள் வண்டி பத்தாயிரம் தடவை கொல்லிமலையில் உருண்டு முடித்திருந்தது.

"தேறுதுங்க. ரொம்ப நல்லாவே தேறுதுங்க."

"பேட்டரியும் எறங்குது. ஒரு ஆளும் எறங்குது. எழுதிக்க."

"ஆளை எறக்கறதுக்குக் காரணம் கேப்பாங்க."

"சும்மா கெடக்கற எடைன்னு போடு."

"அப்படி ஒரு காரணம் பட்டியல்ல இல்லீங்க."

"அப்ப, 'இதர'ன்னு போட்டு அடியில எழுது."

பூபதி முதலில் சிரித்தார். பிறகு சத்தம் போட்டார். அப்புறம் கெஞ்சினார். எல்லாமே வரிசைப்படி, பேரத்தில் வருகிற மாதிரியே. வண்டி எடைமேடையில் ஏறியபோது ஓட்டுகிறவர் இருக்கையில் கோதைநாயகி இருந்தாள். பூபதி தகரக் கொட்டகை நிழலில், காலடியில் பேட்டரிப் பெட்டியோடு நின்றார்.

"கோதை, இந்த வெயில்ல நான் எப்படிப் போறது?"

"ஆறு மணிக்கு கரூர் பஸ்ஸு இருக்குதுங்க. அதுவரைக்கும் அந்தப் பேட்டரியில ஒரு காத்தாடி போட்டுக்கங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வாடகைக்கு உடுங்க. சம்பாதிக்கட்டும்."

மலைவாசல் கதவு திறந்தது.

முதல் வளைவு. இரண்டாவது. வண்டி லேசாக ஏறியது. எடை குறைந்ததில் இன்ஜினுக்கே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மிருதுளா பின்னாலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பனை விட்டுவிட்டு வந்த துக்கம் என்று கோதைநாயகி நினைத்தாள். மகளிடம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினாள். உனக்காகத்தான் கண்ணு. நீயும் உன் பிள்ளையும் மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வளைவில் வண்டியின் ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது. சம்பந்தியின் குரல்.

"ரத்தான ஒப்புதலைப் பதிவுக்காரருக்குப் படிச்சுக் காட்டணும்னு விதிங்க. படிக்கலாமுங்களா?"

"இப்பவாவது காதுல உழுகற மாதிரி படி."

"இடது படுக்கைத் தடுப்பு நீக்கம். ஒப்புதல் குடுத்தவர் கோதைநாயகி. ஒட்டுப்பட்டை வாங்குனவர் நந்தகோபால். பேட்டரியால லாபம் அடையறதால நந்தகோபாலும் பூபதியும் சாட்சியாக முடியாதுங்க. அதனால சாட்சி, வண்டியில போற மூணாவது நபர். மிருதுளா. விளக்கத்தை அமைதியான அறையில் முழுசாக் கேட்டு, புரிஞ்சுதுன்னு சொல்லி, உள்ளங்கை வெச்சிருக்கறாங்க. நன்றிங்க."

ஒலிபெருக்கி அணைந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கோதைநாயகி பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மா" என்றாள் மிருதுளா.

"ம்."

"அது மொதல்ல என்னோட கட்டில் தடுப்பத்தாம்மா கழட்டச் சொல்லுச்சு. அதுதான் எல்லாருக்கும் சேத்து நல்ல கணக்காம். அப்பாவும் மாமாவும் அதுக்கு சரின்னுட்டாங்க. நாந்தான் அழுதேன். பாப்பா இருக்குதேன்னேன். வேற எடத்துல எடுங்கன்னேன்."

"எந்த எடத்துலன்னு கேட்டாங்களா?"

பின்கட்டிலில் போர்வை சரசரத்தது.

"கேட்டாங்க."

நாலாவது வளைவு வந்தது. கோதைநாயகி கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, சுவரோரமாக ஒடித்து ஏற்றினாள். இருபது வருஷம் லோடு ஓட்டிய கை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாமி" என்றாள். "கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். வெல பேசியிருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அடக்கி அடக்கி, வயிற்றில் இருப்பதற்கு வலிக்காமல் அழுகிற அழுகை. கோதைநாயகி கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள், முகம் தெரியாதபடி. குளிர் மிஷினை மட்டும் பின்கட்டில் பக்கம் திருப்பி வைத்தாள்.

இன்னும் அறுபத்தாறு வளைவு இருந்தது. பிறந்ததிலிருந்து கூட்டிக் கழித்தே பழகிய மனசு தானாகவே கணக்குப் போட்டது. இறங்கியது: பேட்டரி முப்பத்தெட்டு, புருசன் எண்பத்திரண்டு. தம்பியிடம் நிற்பது: குழாய் ஒன்று, முப்பத்தெட்டு. வண்டியில் இருப்பது: மகள், வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து அறுபத்தேழு. இறக்கி வைக்க முடியாத எடை; யாரிடமும் விலை பேச முடியாத எடை. மற்ற வரிகளையெல்லாம் நேர் செய்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பாக்கி என்று போட்டுக்கொண்டு, அவள் ஐந்தாவது வளைவுக்கு ஹாரன் அடித்தாள்.